மூன்று சுவிட்ச், 53 டாலர்: ஒரு பழைய வீல் ஹார்ஸ் தோட்ட டிராக்டரின் நிகழ்வு ஆய்வு

சாவியைத் திருப்பியது என் பன்னிரண்டு வயது மகள். நான் பக்கத்தில் நின்று பேட்டரி கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா, திருப்பட்டுமா?" என்று கேட்டாள். சரி என்றேன். ஸ்டார்ட்டர் உறுமியது, அதே நொடியில் டிராக்டர் முன்னால் பாய்ந்து ஷெட்டின் மரக்கதவை இடித்து நின்றது. நல்லவேளை, எஞ்சின் பிடிக்கவில்லை, ஸ்டார்ட்டரின் பலத்தில்தான் அத்தனை தூரம் நகர்ந்தது. நான் நின்ற இடம் ஓர் அடி முன்னால் தள்ளி இருந்திருந்தால் கதவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நான் இருந்திருப்பேன். புல் வெட்டும் டெக்கோடு சேர்த்து அந்த வண்டி முந்நூறு கிலோவுக்கு மேல்.

டிராக்டர் இரண்டாம் கியரில் இருந்தது. மகளின் கால் கிளட்ச் பெடலுக்குக் கிட்டவே இல்லை. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் சுற்றியிருக்கவே கூடாது. அதைத் தடுப்பதற்கென்றே பெடலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. அந்தச் சுவிட்ச் என்ன ஆனது, அதற்கு மாற்று தேடி எங்கெல்லாம் போனேன், கடைசியில் எதைப் பொருத்தினேன் என்பதுதான் இந்தக் குறிப்பு. இதே வயதுடைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அளவுகளும் கணக்கும் உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரை ஒட்டி. வீட்டைச் சுற்றி ஒன்றேகால் ஏக்கர் புல். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, எழுபதுகளின் நடுவில் வந்த வீல் ஹார்ஸ் சி வரிசை டிராக்டரை எனக்குக் கொடுத்தார். கோஹ்லர் கே301 எஞ்சின், 12 குதிரைத்திறன், வார்ப்பிரும்புச் சிலிண்டர். வீல் ஹார்ஸ் நிறுவனத்தை 1946-இல் இந்தியானா மாநிலம் சவுத் பெண்டில் தொடங்கியவர் செசில் பாண்ட். 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் அதை வாங்கியது, 1986-இல் டோரோவின் கைக்குப் போனது. அரை நூற்றாண்டு ஓடிய பிறகும் அந்த எஞ்சினும் கியர்பெட்டியும் அசராமல் வேலை செய்கின்றன. இந்த வண்டிகளை ஷெட்டில் முடக்கிப்போடுவது பெரும்பாலும் வயரும் சுவிட்சும்தான்.

ஷெட் கதவு உடைந்த அன்று மாலையே வண்டியைச் சாய்த்து, பெடலுக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்தேன். பெடல் சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயர்களையும் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுவிட்ச் வெறுமனே தொங்கியது. பெரியவருக்குப் போன் செய்தேன். "மழை நாளில் ஸ்டார்ட் ஆகாது, அதனால் நேர் இணைப்பு கொடுத்துவிட்டேன். பத்து வருஷம் இருக்கும்" என்றார். அவர் எப்போதும் நியூட்ரலில் போட்டுவிட்டு, சீட்டில் உட்கார்ந்துதான் சாவியைத் தொடுவார். அந்தப் பழக்கம் அவரைக் காப்பாற்றியது. வண்டி கை மாறியபோது வயர் முறுக்கு வந்தது, பழக்கம் வரவில்லை.

பெரிய பண்ணை டிராக்டர்களிலும் இதே வகை விபத்துதான். கீழே நின்றுகொண்டு சோலனாய்டில் (பேட்டரி மின்சாரத்தை ஸ்டார்ட்டருக்கு விடும் மின்காந்தச் சுவிட்ச்) ஸ்குரூடிரைவரை வைத்து ஸ்டார்ட் செய்ய, கியரில் கிடந்த வண்டி ஆளின் மேலேயே ஏறிவிடும். அமெரிக்கப் பண்ணைகளில் உயிர்கள் போகும் வழிகளில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. தோட்ட டிராக்டர் சிறியது என்று நினைத்திருந்தேன். அந்த மாலைக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

மீட்டர் பீப் அடித்தது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

முதல் வேலையாக முறுக்கைப் பிரித்து வயர்களைப் பழைய சுவிட்சிலேயே மாட்டினேன். கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினால் சோலனாய்டில் மெல்லிய 'டிக்' மட்டும். சுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். பொத்தானை அழுத்தினால் பீப் அடித்தது, விட்டால் நின்றது. அப்படியானால் சுவிட்ச் நல்லதுதானே? நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். சோலனாய்டு போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதே 'டிக்'. பதினைந்து டாலரும் ஒரு சனிக்கிழமையும் வீண்.

நான் தவறிய இடம் இது. மல்டிமீட்டரின் பீப் மிகச் சிறிய மின்னோட்டத்தில் நடக்கும் சோதனை. முப்பது நாற்பது ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடித்துவிடும். சோலனாய்டின் சுருளோ இரண்டு மூன்று ஆம்பியர் இழுக்கும். அந்த ஓட்டம் போகும்போது சுவிட்சில் ஒன்றரை ஓம் இருந்தாலே மூன்று வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

ஆகவே மின்னோட்டம் போகும் நிலையில் வைத்து அளக்க வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளைச் சோலனாய்டிலிருந்து கழற்றி, முனையை டேப்பால் சுற்றி ஓரமாக ஒதுக்கினேன். இப்போது சாவியைத் திருப்பினால் சோலனாய்டு மட்டும் இழுக்கும், எஞ்சின் சுற்றாது. மகளைக் கிளட்சை மிதித்துச் சாவியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இடமாக மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட். சோலனாய்டின் சிறிய முனைக்கு வந்து சேர்ந்ததோ 8.3 தான். நடுவில் காணாமல் போன 4.1 வோல்ட்டில் பெடல் சுவிட்ச் தின்றது 2.9, பி.டி.ஓ. (எஞ்சின் விசையைப் புல் வெட்டும் கத்திக்குக் கொடுக்கும் அமைப்பு) சுவிட்சின் கனெக்டரில் 0.9, சாவிச் சுவிட்சில் 0.3. ஆக, கோளாறு ஓர் இடத்தில் இல்லை. பெரிய பங்கு பெடல் சுவிட்சுக்கு, அடுத்தது பச்சை பூத்துப்போன கனெக்டருக்கு.

இந்த வண்டிகளின் ஸ்டார்ட் சுற்று எளிமையானது. பேட்டரி, ஃபியூஸ், சாவி, பெடல் சுவிட்ச், பி.டி.ஓ. சுவிட்ச், சோலனாய்டு என எல்லாம் ஒரே வரிசை. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வயரிங் படம் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். டோரோ இன்றைக்கும் பழைய வீல் ஹார்ஸ் கையேடுகளை மாடல் எண் கொடுத்தால் இலவசமாகத் தருகிறது. எனக்கு அதில்தான் வயர் நிறங்கள் கிடைத்தன.

பழைய பெடல் சுவிட்சைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். உள்ளே சின்ன ஸ்பிரிங், அதன் மேல் காசு போல ஒரு பித்தளை வில்லை, எதிரே இரண்டு செம்புப் புள்ளிகள். பொத்தானை அழுத்தினால் வில்லை இரண்டு புள்ளிகளையும் தொட்டு இணைக்கும். வில்லை கறுத்திருந்தது, ஸ்பிரிங்கில் துரு. என்னைத் திடுக்கிட வைத்தது பொத்தான். அதன் தண்டு நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. ஐந்தாறு தடவை அழுத்தினால் ஒரு தடவை உள்ளேயே சிக்கிக்கொண்டது. சிக்கினால் என்ன பொருள்? கால் எடுத்த பிறகும் "கிளட்ச் மிதித்திருக்கிறது" என்று சுற்று நம்பிக்கொண்டே இருக்கும்.

ஏன் விரிசல் விட்டது? பெடலின் கீழ்ப்பயணத்தை நிறுத்த ஒரு போல்ட் இருக்க வேண்டிய துளை காலியாகக் கிடந்தது. என்றைக்கோ கழன்று விழுந்திருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு மிதியின் முழுப் பாரத்தையும் அந்தப் பிளாஸ்டிக் பொத்தான்தான் தாங்கியிருக்கிறது. நான் புதுச் சுவிட்சை மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் ஒரு பருவத்தில் உடைந்திருக்கும்.

எங்கே வாங்குவது, எதை வாங்குவது

முதலில் டீலரிடம் போனேன். பெடல் சுவிட்ச் பழைய இருப்பில் ஒன்று இருந்தது, 58 டாலர், தபால் தனி. பி.டி.ஓ. சுவிட்ச் இனி வராது என்றார்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர் ஒருவர் இரண்டையும் தலா 25-க்குத் தருவதாகச் சொன்னார். ஆனால் அவையும் என் சுவிட்சின் வயதுதான், உள்ளே அதே துரு இருக்கும். இந்த ஒரு பொருளை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது என்பது என் தீர்மானம்.

அப்புறம் இணையத்தில் பெயரில்லாத ஐந்து சுவிட்ச் கட்டு ஒன்றை 12 டாலருக்கு வாங்கினேன். வந்ததும் ஒவ்வொன்றையும் நூறு தடவை அழுத்திப் பார்த்தேன். ஒன்று அறுபதாவது அழுத்தலில் சிக்கியது. எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எதிலும் அச்சிடவில்லை. ஐந்தையும் ஒதுக்கிவிட்டேன். கார்க் கதவு விளக்குக்கான சுவிட்ச் 4 டாலருக்குக் கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கிறதே என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கு ஒரே முனைதான், உடம்பே எர்த். தொடர் வரிசையில் அதைச் செருக முடியாது. அதுவும் போக, அதன் வேலை தலைகீழ். பொத்தான் வெளியே வந்தால் இணையும், உள்ளே போனால் விடுபடும்.

இந்தத் தலைகீழ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், வாங்குவதில் பாதிக் குழப்பம் இங்கேதான். சுவிட்சில் இரண்டு வகை. அழுத்தினால் இணைவது ஒன்று, அழுத்தினால் விடுபடுவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உருவம்தான். எது வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் பிராக்கெட்தான் சொல்லும். கிளட்சை மிதிக்கும்போது பெடல் வந்து பொத்தானை அழுத்துகிறதா, அல்லது பெடல் சும்மா இருக்கும்போது அழுத்தியிருந்து, மிதிக்கும்போது விடுகிறதா? முதலாவதானால் அழுத்தினால் இணைவது, இரண்டாவதானால் அழுத்தினால் விடுபடுவது.

இரண்டிலுமே வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் கெட்டுப்போகும் விதம் வேறு. அழுத்தினால் இணையும் சுவிட்சின் பிராக்கெட் வளைந்தாலோ சுவிட்சே கழன்று தொங்கினாலோ வண்டி ஸ்டார்ட் ஆகாது. எரிச்சல் வரும், அவ்வளவுதான். அழுத்தினால் விடுபடும் சுவிட்ச் கழன்று தொங்கினால் பொத்தான் வெளியே வந்து இணைந்தே இருக்கும். வண்டி எந்தக் கியரிலும் ஸ்டார்ட் ஆகும், யாருக்கும் தெரியவும் தெரியாது. பிராக்கெட் எப்படி இருந்தாலும், கொஞ்சம் மெனக்கெட்டு அதை மாற்றியமைத்து முதல் வகையையே வைப்பது என்று நான் முடிவு செய்தேன். என் வண்டியில் பெடல் மிதிக்கும்போதுதான் பொத்தானைத் தொட்டது, வேலை மிச்சம்.

இப்படி வேலையை வைத்துத் தேட ஆரம்பித்ததும் கதவு திறந்தது. அதுவரை பாகத்தின் எண்ணை வைத்தே தேடிக்கொண்டிருந்தேன். இந்தச் சுவிட்சுகளைப் பெரும்பாலும் டிராக்டர் நிறுவனங்கள் தாங்களே செய்வதில்லை. வேறு தொழிற்சாலை செய்து தரும் ஒரே சுவிட்ச் நான்கைந்து நிறத்து வண்டிகளில், நான்கைந்து எண்களில், நான்கைந்து விலைகளில் உட்கார்ந்திருக்கும். ஸ்டென்ஸ், ரோட்டரி, ஆரெகன் போன்ற மாற்று உதிரிபாக நிறுவனங்களின் விலைப்பட்டியலில் இன்றைய புல்வெட்டி வண்டிகளுக்கான சுவிட்சுகள் அப்போது பத்து டாலர் சுற்றில் இருந்தன. பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்: அழுத்தினால் இணைவதா, எத்தனை முனை, பொத்தான் எவ்வளவு தூரம் போகும், எத்தனை ஆம்பியர், துளை எந்த வடிவம். நான் தேர்ந்தெடுத்தது நான்கு முனைச் சுவிட்ச், உள்ளே இரண்டு தனித்தனி இணைப்புகள், இரண்டுமே அழுத்தினால் இணைபவை. ஒன்று 9.50 டாலர். வந்ததும் பார்த்தால் மேலே டெல்டா என்று முத்திரை. டெல்டா சிஸ்டம்ஸ் இருப்பது ஒஹையோவின் ஸ்ட்ரீட்ஸ்பரோவில், என் வீட்டிலிருந்து அரைமணி நேர ஓட்டம். நாடு முழுக்கத் தேடிய பொருள் பக்கத்து ஊரில் உருவானது என்று தெரிந்தபோது உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

பொருத்தியது

பழைய சுவிட்சுக்கு மரை வெட்டிய கழுத்து, அதில் இரண்டு நட்டு. புதியது செவ்வகத் துளையில் கிளிக்கென்று உட்காரும் வகை. 4 டாலர் ஆங்கிள் இரும்புத் துண்டில் துளையிட்டு, அரத்தால் செவ்வகமாகத் தேய்த்து, பழைய பிராக்கெட்டிலேயே இரண்டு போல்ட்டில் முடுக்கினேன். போல்ட் துளைகளை நீள்வட்டமாக வைத்ததால் முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்ய முடிந்தது. முதலில் ஒரு டாலர் போல்ட்டைப் போட்டுப் பெடலின் நிறுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன், அதன் பிறகுதான் சுவிட்சின் இடம். கிளட்ச் முழுதும் விடுபட்ட பிறகே சுவிட்ச் இணைய வேண்டும். பெடல் போல்ட்டில் முட்டி நின்ற பிறகும் பொத்தானுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பயணம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டும் கூடி வர ஒரு மணி நேரம் பிடித்தது. இந்த வேலையில் அவசரப்படாமல் செய்ய வேண்டிய ஒரே மணி நேரம் அதுதான்.

வயர்களுக்குப் புது முனை, சூட்டில் சுருங்கும் உறை. கனெக்டர்களில் நீர் புகாத கிரீஸ். கூடவே சோலனாய்டுக்கு முன்னால் ஒரு சாதாரணக் கார் ரிலே (சிறிய ஓட்டத்தால் பெரிய ஓட்டத்தை இணைக்கும் சுவிட்ச்), சாக்கெட்டோடு 8 டாலர். சாவியிலிருந்து இரண்டு சுவிட்சுகள் வழியாக வரும் வயர் இப்போது ரிலேயின் 86-ஆம் முனைக்கு. 85 எர்த். 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேர் வயர், 87 சோலனாய்டுக்கு. சுவிட்சுகள் சுமக்கும் ஓட்டம் இரண்டு மூன்று ஆம்பியரிலிருந்து கிட்டத்தட்ட 0.15 ஆகக் குறைந்தது. மறுபடி அளந்தபோது சோலனாய்டில் 12.1 வோல்ட்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய சுவிட்சை அப்படியே விட்டு ரிலேயை மட்டும் போட்டிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கும், சிறிய ஓட்டத்துக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கும் பொத்தான் அப்படியேதான் இருக்கும்.

சீட்டுக்கும் ஒன்று

என் வண்டியில் சீட் சுவிட்ச் கிடையாது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இல்லை. கையால் தள்ளிக்கொண்டு நடக்கும் புல்வெட்டிகளுக்கு, பிடியை விட்டால் மூன்று விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்ற அமெரிக்க அரசு விதி 1982-இல் நடைமுறைக்கு வந்தது. உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளை அந்த விதி தொடவில்லை. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் மகள் இதை ஓட்டக் கேட்பாள். அதற்காகவே இதைச் சேர்த்தேன்.

கே301-இல் என்னுடையது பேட்டரி வழி இக்னிஷன். தீப்பொறிக்கான காயிலுக்கு 12 வோல்ட் போகும்வரை எஞ்சின் ஓடும், வெட்டினால் நிற்கும். காயிலுக்குப் போகும் வயரை இரண்டு இணைவழிகளாகப் பிரித்தேன். ஒன்று சீட் சுவிட்ச் வழியாக, மற்றொன்று பி.டி.ஓ. சுவிட்சின் இரண்டாவது இணைப்பு வழியாக. நான்கு முனை வாங்கியதன் காரணம் இதுதான். கத்தி ஓடாதபோது இறங்கலாம், எஞ்சின் நிற்காது. கத்தி ஓடும்போது சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். சீட் சுவிட்ச் 14 டாலர். மூன்று ஆம்பியருக்கு மேல் தாங்குமா என்று பார்த்தே வாங்கினேன், காயில் அவ்வளவு இழுக்கும். மேடுபள்ளத்தில் உடம்பு எகிறும்போது முதல் வாரம் எஞ்சின் திக்கியது. சீட்டின் ஸ்பிரிங்கை ஒரு துளை தளர்வாக மாற்றியதும் சரியானது.

பேட்டரி இல்லாமல் எஞ்சினின் சுழற்சியிலிருந்தே தீப்பொறிக்கு மின்சாரம் எடுக்கும் மேக்னெட்டோ இக்னிஷன் உள்ள வண்டிகளில் இதை அப்படியே செய்யாதீர்கள், கே வரிசையிலேயே அவை உண்டு. அங்கே எஞ்சினை நிறுத்துவது வயரை எர்த் செய்து. அந்த வயருக்கு 12 வோல்ட் கொடுத்தால் காயில் எரிந்துவிடும். சாவிச் சுவிட்சும் வேறு வகை, மாற்றிப் போட்டால் பேட்டரியே எர்த் ஆகி வயர் உருகலாம்.

மொத்தச் செலவு: பெடலுக்கும் பி.டி.ஓ.வுக்கும் 19, சீட்டுக்கு 14, ரிலே 8, முனைகளும் உறைகளும் 7, இரும்பு 4, போல்ட் 1. ஆக 53 டாலர். டீலரிடம் ஒரே ஒரு பெடல் சுவிட்சுக்குக் கேட்ட விலை இதைவிட 5 டாலர் அதிகம். அவசரத்தில் வாங்கிய சோலனாய்டையும் ஐந்து சுவிட்ச் கட்டையும் சேர்த்தால் 27 டாலர் என் தவறுக்குப் போனது.

இரண்டு பருவம் ஓடிவிட்டது. மழையில் நனைந்த மறுநாளும் முதல் திருப்பிலேயே பிடிக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சோதிக்கிறோம். கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்ச் மிதிக்காமல் சாவியைத் திருப்புவது ஒன்று, பி.டி.ஓ. லீவரைப் போட்டுவிட்டுத் திருப்புவது இன்னொன்று. இரண்டிலும் ஸ்டார்ட்டர் அசையக் கூடாது. பிளக் வயரை மாட்டிய பிறகு சீட் சோதனை. சாவியைத் திருப்புவது மகள், எழுதிக்கொள்வது நான். இந்த வருடம் தொடங்குவதற்கு முன் அவளே கீழே குனிந்து பெடலுக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "போல்ட் இருக்குப்பா" என்றாள்.